ஐந்தாம் அடுப்பின் புகை

"உம்மா, ஆக்கள் இல்லாத குடும்பத்துக்கும் சலாம் செல்லணுமா?" என்று ஜுனைதா கேட்டது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தோராம் ஆண்டு, அவளுக்கு ஆறு வயதானபோது. கேள்வியில் விளையாட்டு எதுவும் இருக்கவில்லை. கல்முனைச் சந்தையிலிருந்து பாண்டிருப்புக்குப் போகும் தெருவிலிருந்த அவர்களுடைய வீட்டில் அந்த ஆண்டு ஐந்து குடும்பங்கள் இருந்தன. அவற்றில் நான்குக்குத்தான் ஆட்கள் இருந்தார்கள். ஐந்தாவது குடும்பத்துக்கு அடுப்புப் புகை இருந்தது, மீன் பொரிக்கும் மணம் இருந்தது, கிணற்றடியிலிருந்து பூட்டிய கதவு வரைக்கும் ஈரக் காலடிகள் இருந்தன. ஆட்கள் மட்டும் இல்லை. ஜுனைதாவின் தாய் ஸாலிஹா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமலே, "ஓம் மகள், செல்லு. ஆள் இல்லாத வீட்டுக்குள்ள போனாலும் சலாம் செல்லணும் எண்டு கிதாபுல இரிக்கி" என்றாள். அன்று முதல் ஜுனைதா பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் ஐந்தாம் கதவுக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போனாள். பதில் வந்ததாக அவள் ஒருநாளும் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டைக் கட்டியவர் ஸாலிஹாவின் வாப்பா மீராமுகைதீன். தேங்காயும் கருவாடும் வத்தைத் தோணியில் ஏற்றித் திருகோணமலைக்கு வியாபாரம் செய்தவர். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஆகவே பெண்பிள்ளை பெற்ற தகப்பன், பிள்ளை தவழத் தொடங்கியதுமே கல் சேர்க்கத் தொடங்குவான். மீராமுகைதீன் இன்னும் முந்திக்கொண்டார். கல்யாணம் முடித்த வருடமே, தனக்கு ஐந்து பெண்கள் பிறப்பார்கள் என்று நம்பி, ஒரே கூரையின் கீழ் ஐந்து கூறுகளும் ஐந்து அடுக்களைகளும் நடுமுற்றத்தில் ஒரு கிணறுமாக, இடுப்பளவு உயரமான அத்திவாரத்தின் மேல் கட்டி முடித்தார். அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது. முதற்பிள்ளையாக ஸாலிஹா பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாள் தாய் மௌத்தானாள். கோமாரியிலிருந்து ஒரு மீன்காரனின் இளம் விதவை, இடுப்பில் தன் கைக்குழந்தையோடு வந்து, ஐந்தாம் கூற்றில் இரண்டு வருடம் இருந்து ஸாலிஹாவுக்குப் பால் கொடுத்தாள். பால் மறந்ததும் அவள் ஊர் திரும்பிவிட்டாள். மீராமுகைதீன் மூன்று கூறுகளை வாடகைக்கு விட்டார். ஐந்தாவதைக் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம், "அது ஆக்களுக்கு வெச்சிரிக்கி" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஐந்தாம் கூற்றில் புகை எழத் தொடங்கியது நாற்பத்தாறாம் ஆண்டு மாசி மாதத்தில், அவர் மௌத்தாகி மூன்று வருடங்களுக்குப் பிறகு. பூட்டைத் திறந்து பார்த்தபோது அடுப்பு குளிர்ந்து கிடந்தது, சாம்பல்கூட இல்லை. பூட்டியதும் மறுபடி கூரை இடுக்கில் புகை வந்தது. சில நாட்களில் ஓர் ஆணின் இருமல் கேட்டது. பிறகு கிணற்றடியில் ஒரு பெண்ணின் ஈரப் பாதங்கள். இரண்டு வருடம் கழித்து அவற்றின் பக்கத்தில் விரற்கடை நீளத்தில் ஒரு சின்னப் பாதம். அதன் பிறகு இன்னொன்று. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தலையில் ஊற்றிய தண்ணீர் தோளுக்கு வருமுன் காய்ந்துவிடும், ஆனால் அந்தத் தடங்கள் பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் காயாமல் கிடக்கும். மற்றக் குடும்பங்கள் அவற்றை மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டன.

அப்போது இரண்டாம் கூற்றில் மருதமுனைத் தறிக்காரன் பளீலும் அவன் மனைவி றம்லாவும் இருந்தார்கள். மூன்றாம் கூற்றில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்த புண்ணியமூர்த்தியின் குடும்பம். நான்காம் கூற்றில் மாத்தறையிலிருந்து வந்து சந்தையில் பேக்கரி வைத்திருந்த சிரிபாலவும் மனைவியும். ஒரு கொத்து அரிசி இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதத்துக்கு ஏறிய ஐம்பத்து மூன்றாம் ஆண்டில் நான்கு அடுப்புகளிலும் புகை மெலிந்தபோது, ஐந்தாவதிலும் மெலிந்தது. மூன்று வருடம் கழித்துப் பூட்டிய கதவுக்குப் பின்னால் பச்சைக் குழந்தை ஒன்று அழுதது. றம்லா அம்மியில் பிள்ளைப்பெற்றவளுக்குரிய காயம் அரைத்து, ஒரு கோப்பையில் வைத்து வாசற்படியில் வைத்தாள். "ஆருக்கிடி அது?" என்று பளீல் தறியிலிருந்து கேட்டான். "பெத்தவளுக்கு" என்றாள் றம்லா. மறுநாள் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் பிறகு தைப்பொங்கலுக்குப் புண்ணியமூர்த்தியின் மனைவி பொங்கலும், சித்திரையில் சிரிபாலவின் மனைவி பாற்சோறும் வைத்தார்கள். எல்லாப் பாத்திரங்களும் கழுவித்தான் திரும்பி வந்தன. கழுவிய பாத்திரத்தைத் திருப்பித் தரும் குடும்பத்துக்கு எவ்வளவு காலம்தான் பயப்பட முடியும்? பயம் மெல்ல வீட்டை விட்டுப் போயிற்று. ஸாலிஹாவை மட்டும் அது விடவில்லை. ஐந்தாம் வாசற்படியில் ஒருநாளும் எதுவும் வைக்காதவள் அவள் ஒருத்திதான்.

அதற்குக் காரணம் இருந்தது. நாற்பத்து மூன்றாம் ஆண்டு மீராமுகைதீன் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு நடுப்பகல் லுஹர் வேளையில் கண்ணைத் திறந்து, "அஞ்சாம் கூறு கோமாரிக்கு, மகள். நீ குடிச்ச பாலுக்கு நான் குடுத்த வாக்கு. எழுதி வெக்கல்ல. நீ குடுத்திரு" என்றார். அறையில் ஸாலிஹாவைத் தவிர யாரும் இருக்கவில்லை. அஸருக்கு முன் அவருடைய ரூஹ் பிரிந்துவிட்டது. முதலில் நாற்பதாம் நாள் கத்தம் முடியட்டும் என்று ஸாலிஹா நினைத்தாள். பிறகு யுத்தகாலப் பஞ்சம் தீரட்டும் என்று நினைத்தாள். பிறகு அவள் கணவன் சரீப் மலேரியாவில் போய்விட்டான். இரண்டு பெண் பிள்ளைகளோடு தனித்தாள். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாம் செய்யும் தவறுகளில் அதிகமானவை இப்படிச் சத்தமில்லாதவை.

ஐம்பத்தாறாம் ஆண்டு மூத்த மகள் சுஹறாவுக்குச் சாய்ந்தமருதிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜெமீல் பள்ளிக்கூட வாத்தியார், அடக்கமான பிள்ளை. ஆனால் அவன் தாய் சல்மா உம்மா பேச்சை வெற்றிலைக்கு முன்பே எடுத்துவிடுவாள். "இங்க பாருகா, பொண்ணு தங்கம், குறை செல்ல ஏலாது. ஆனா நாலு சாதிச் சனமும் ஒரு கிணத்தில அள்ளுற வீட்டுக்கு என்ட மகன் வரமாட்டான். தனி வீடு, தனிக் கிணறு. இல்லாட்டி அடுத்த வருசம் வேற இடம் பாப்பம்" என்றாள். "நாலில்ல மாமி, அஞ்சு" என்று ஜுனைதா திருத்தினாள். ஸாலிஹா அவளை அடுக்களைக்கு அனுப்பினாள்.

தனி வீடு வாங்கப் பழைய வீட்டை விற்பதைத் தவிர வழி இருக்கவில்லை. வாக்கை வேறொரு விதமாய்ப் பிறகு தீர்க்கலாம் என்று ஸாலிஹா தன் மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். புண்ணியமூர்த்தி, தானும் வெளியேறவேண்டி வரும் என்று தெரிந்தே, தன் அழகான எழுத்தில் 'இவ்வீடு விற்பனைக்கு' என்று பலகையில் எழுதிக் கொடுத்தார். முதலில் யாழ்ப்பாணத்துச் சுருட்டு வியாபாரி ஒருவர் வந்தார். பூட்டிய கதவுக்குப் பின்னால் தேங்காய் துருவும் சத்தம் கேட்டு, செருப்பை மறந்து போனார். அடுத்து வந்தவர் கிணற்றடித் தடங்களைப் பார்த்தார். ஜின் இருக்கலாம் என்று ஒரு மௌலவியை அழைத்து மூன்று நாள் யாசீன் ஓத வைத்தார்கள். மூன்றாம் நாள் துஆவுக்கு வெளியிலிருந்தவர்கள் ஆமீன் சொன்னபோது, உள்ளேயிருந்தும் இரண்டு பிள்ளைகளின் குரல் ஆமீன் சொன்னது. மௌலவி கிதாபை மூடி, "தங்கச்சி, ஓதி விரட்டுற சாமான் இதில்ல. இது தொழுகிற குடும்பம்" என்று சொல்லி, காணிக்கையை வாங்காமல் போய்விட்டார்.

ஐம்பத்தேழு கார்த்திகையில் அரிசி ஆலைக்கார அப்துல் ஹமீட் வந்தார். அவர் எதற்கும் பயப்படுகிறவர் அல்லர். ஐந்தாம் கதவில் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஸாலிஹாவை, அக்காவை அழைக்கும் முறையில், தாத்தா என்று அழைத்துப் பேசினார். "வாடகை குடுக்காத ஆக்கள்தான் உண்மையான பேய், தாத்தா. நான் இதெல்லாத்தையும் இடிச்சு நெல்லுக்கு ஸ்டோர் கட்டப் போறன். நெல்லு மூட்டைய எந்த ஜின்னும் பயங்காட்ட ஏலாது." அவர் சொன்ன விலை சாய்ந்தமருதில் கிணற்றோடு ஒரு கல்வீடு வாங்கப் போதும். தை பிறந்ததும் விற்பனை உறுதிப் பத்திரம் எழுதுவது என்று முடிவாயிற்று. அன்று பின்னேரம் ஐந்தாம் கூற்றில் புகை எழவில்லை. நான்கு அடுப்புகளிலும் சமைத்தவர்கள் அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நாள் புகை வந்ததும் றம்லா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்; பிறகு தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று வெட்கப்பட்டாள்.

மார்கழியில் வெள்ளம் வந்தது. ஒரு பகலில் மேற்கு வயல்கள் முழுவதும் கடலாகி, ஊருக்குள் இறங்கின. மீராமுகைதீன் பிறக்காத பெண்களுக்காக உயர்த்திய அத்திவாரத்தில் மட்டும் தண்ணீர் ஏறாமல் நின்றது. இரண்டாம் நாள் ஒரு தோணியில் சல்மா உம்மா வந்தாள், மகன் ஜெமீலோடும் ஒரு பெட்டைக்கோழியோடும். அவர்களுடைய வீட்டில் கூரையளவு தண்ணீர். "கதைக்கிறதுக்கு இது நேரமில்ல, ஒரு மூலை தா மகள்" என்றாள். ஸாலிஹா தன் படுக்கையைக் கொடுத்தாள். ஜெமீல் பளீலின் தறிக்குக் கீழே படுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் விறகு நனைந்து, அரிசி ஊறி, சிரிபாலவின் மாவு பசையாகி, நான்கு அடுப்புகளும் அணைந்தன. மழைக்குள் நேராக எழுந்துகொண்டிருந்தது ஐந்தாம் அடுப்பின் புகை மட்டுந்தான். காலையில் பூட்டிய கதவின் வாசற்படியில் ஒரு மண்பானை நிறையச் சூடான கஞ்சி இருந்தது, பக்கத்தில் சிரட்டை அகப்பை.

பதினொரு நாள் அந்தப் பானை வந்தது. பதினாறு பேர் குடித்தார்கள். முதல் நாள் வயிறு நிறைந்த பிறகுதான் சல்மா உம்மா, "ஆரு காச்சின கஞ்சி இது?" என்று கேட்டாள்.

"அஞ்சாம் வீட்டு ஆக்கள்" என்றாள் றம்லா.

"அந்த ஆக்களையா வெளிய போடப்போறீங்க?" சல்மா உம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "இம்மட்டு நாளும் அவங்களுக்கு என்ன குடுத்தீங்க?"

"நான் சலாம் குடுத்தன்" என்றாள் ஜுனைதா.

ஸாலிஹா இரண்டு நாள் அந்தக் கஞ்சியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தலை சுற்றி விழப்போனபோது சுஹறா ஒரு மிடறு பருக்கிவிட்டாள். அந்தக் கஞ்சியில் ஸாலிஹாவுக்கு நினைவே இல்லாத ஒரு பாலின் ருசி இருந்தது. ஆனாலும் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, நெடுநேரம் அழுதாள். வெள்ளத்தைப் பார்த்து அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பாலங்கள் செப்பனிட்டு முடிய மாசி மாதம் ஆயிற்று. பஸ்கள் அதற்குள் அரசாங்கத்துடையவையாகி இருந்தன. அப்துல் ஹமீட் உறுதி எழுத இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தார். ஸாலிஹா ஒருவருக்கும் சொல்லாமல் அக்கரைப்பற்றில் பஸ் மாறிக் கோமாரிக்குப் போனாள். மணல் மேட்டில் ஒரு கிடுகுக் குடிசை. முன்னால் மூன்று கல் அடுப்பில் ஈர விறகு எரிந்தது, புகையே இல்லை. இரண்டு பிள்ளைகள் குளித்துவிட்டு நனைந்த காலோடு மணலில் ஓடினார்கள், தடம் விழவில்லை. ஊரில் அதை யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. கடற்கரை மணலில் யாருடைய தடம்தான் நிற்கிறது?

மூன்றாவது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள் சுபைறா. "ஆரைத் தேடுறீங்க?" என்றாள்.

"நான் கல்முனை மீராமுகைதீன்ட மகள், ராத்தா. உங்கட உம்மாட பால் குடிச்சவள்."

சுபைறா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அந்த அழுகுணியா நீ? உனக்குக் குடுத்து மிஞ்சினதுதான் எனக்கெண்டு உம்மா மௌத்தாகிற வரைக்கும் செல்லுவாகா! வா, உள்ளுக்கு வா." ஓலைப் பாயை உதறிப் போட்டுக்கொண்டே அவள் ஊர்ப் புதினங்களைச் சொன்னாள். கணவன் காலிதீன் கடலுக்குப் போயிருந்தான். வெள்ளத்தில் மணல் மேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஆனா ஒரு புதினம், தங்கச்சி. மார்கழியில ஒருநாள் பானையத் துறந்தா பாதிக் கஞ்சியக் காணல்ல. அடுத்த நாளும் அப்பிடித்தான். ஆரோ எங்கயோ பசியோட இரிக்காங்க எண்டு, மறுகா நாளுக்கு நாலு கொத்து கூடப் போட்டன். பதினொரு நாள். ஊரெல்லாம் கடன் வாங்கினன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் குட்டி பிறக்கக்குள்ள எங்கட உறியில ஆரோ காயம் அரைச்சு வெச்சிரிந்தாங்க. நான் அல்லாஹ் அனுப்பின மலக்குமார் எண்டு நினைச்சன்."

அவளுக்கு வாக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது ஸாலிஹாவுக்கு விளங்கிற்று. தெரிந்த ஒரே ஆள் தான்தான். இப்போது எழுந்து, கஞ்சிக்கு நன்றி சொல்லி, பஸ் ஏறினால் கேட்பாரில்லை. குழந்தை ஸாலிஹாவின் மடியில் ஏறி அவள் முந்தானையைப் பிடித்தது. "ராத்தா," என்றாள் ஸாலிஹா, "வாப்பா மௌத்தாகக்குள்ள ஒரு வாக்கு செல்லிட்டுப் போனாரு. பதினஞ்சு வருசமா அத நான் விழுங்கி வெச்சிரிக்கன்." முழுவதையும் சொன்னாள்.

சுபைறா வெளியே இருந்த அடுப்பின் பக்கம் திரும்பினாள். "வீடில்ல எண்டு செல்லி என்னைப் பாத்திட்டுப் போன மாப்பிள்ளையள் மூணு பேர்" என்றாள். "இருவத்தாறு வயசுல இந்த மனிசன் வந்து, வீடு வேணாம், சோறு காச்சித் தா எண்டாரு." பிறகு கேட்டாள்: "வாப்பா செல்லினத வேற ஆரும் கேட்டாங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"அப்ப செல்லாமலே இரிந்திரிக்கலாமே நீ."

"இரிந்து பாத்தன், ராத்தா. ஏலாது."

சுபைறா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கோபமாக எதுவும் சொல்லவுமில்லை. எழுந்து ஒரு சிரட்டையில் கஞ்சி வார்த்து, "முதல்ல இதக் குடி. தூரத்தில இரிந்து வந்திரிக்காய்" என்றாள்.

அப்துல் ஹமீட் செய்தி கேட்டு நேரில் வந்தார். "நாலு கூறு மட்டும் வாங்க நான் என்ன முக்கால் பைத்தியமா, தாத்தா?" என்று கத்தினார். ஸாலிஹா காரணத்தைச் சொன்னாள். அவர் ஐந்தாம் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்; சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சுஹறா அன்று பகல் முழுவதும் சாப்பிடவில்லை. பின்னேரம் எழுந்து முகம் கழுவி, "எத்தின பிள்ளையள் உம்மா அவங்களுக்கு?" என்று கேட்டாள். "மூணு" என்றாள் ஸாலிஹா. புண்ணியமூர்த்தி பலகையை இறக்கி, எழுத்தை உரஞ்சிக் கழுவி, பளீலின் தறிக்கு முட்டுக் கொடுத்தார்.

சம்பந்தம் முறிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாம் நாள் சல்மா உம்மா வெற்றிலையோடு வந்தாள். "தனி வீடு, தனிக் கிணறு எண்டு நான் கேட்டது மெய்தான். பதினொரு நாள் கஞ்சி குடிச்ச வாயால மறுகா அதக் கேக்க ஏலுமா? உன்ட கூற்றைப் பொண்ணுக்குக் குடு, போதும். ஆனா ஒண்டு, விடிய முதல் வாளி என்ட மகனுக்கு."

"உங்கட மகன் சுபஹுக்கு எழும்பினா முதல் வாளி தானா வரும் மாமி" என்றாள் றம்லா. ஜெமீல் முற்றத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் பின்பக்கத்துக் கொட்டிலில் ஒதுங்குவது இந்தக் கரையில் புதிதல்ல. ஸாலிஹா கிணற்றடிக்கு அப்பால் நான்கு கப்புக் கால் நட்டு, தென்னோலைக் கிடுகு போட்டுக்கொண்டாள். நோன்புப் பெருநாள் கழித்துக் கல்யாணம் நடந்தது. அரிசி ஆலையிலிருந்து யார் அனுப்பியது என்று சொல்லாமல் இரண்டு மூட்டை சம்பா வந்து இறங்கியது. நான்காம் நாள் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு நான்கு குடும்பங்களும் இரண்டு மாட்டு வண்டிகளில் சாய்ந்தமருதுக்குப் போயின. ஸாலிஹா தலைவலி என்று நின்றுகொண்டாள்.

லுஹர் வேளையில் தெரு வெறிச்சோடிக் கிடந்தபோது கோமாரி பஸ்ஸில் வந்தவர்கள் படலையைத் திறந்தார்கள். காலிதீன் தோளில் வலை, சுபைறாவின் தலையில் பாய்ச் சுருள், பிள்ளைகள் மூவர். காலிதீன் முற்றத்தோரமாய்க் கண்ணைத் தாழ்த்தி நின்றான். பயணத் தூசி போகப் பிள்ளைகள் கிணற்றடியில் கால் கழுவினார்கள். அங்கிருந்து ஐந்தாம் கதவு வரைக்கும் வழக்கமான ஈரத் தடங்கள் கிடந்தன. மூத்தவன் அவற்றில் கால் வைத்து நடந்தான், அளவு விலகவில்லை. அவனுக்குப் பின்னால் தங்கை அவளுடைய தடத்தில் நடந்தாள். சின்னவளுக்கு மட்டும் தடம் இருக்கவில்லை. அவள் இன்னும் இடுப்பை விட்டு இறங்கப் பழகவில்லை.

ஸாலிஹா பூட்டைத் திறந்து, சாவியைச் சுபைறாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். எழுத்து எதுவும் இருக்கவில்லை. கேட்ட வாக்குக்குச் சாட்சி இல்லாததைப் போலவே, கொடுத்ததற்கும் இருக்கவில்லை. சுபைறா வலது காலை எடுத்து வைத்து, ஆளில்லாத அறையைப் பார்த்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். உள்ளேயிருந்து அவளுடைய குரலே "வஅலைக்கும் ஸலாம்" என்றது. அதற்குப் பிறகு உள்ளே வேறு யாரும் இல்லை. அடுப்பு சூடாக இருந்தது. ஸாலிஹா கஞ்சி வந்த மண்பானையைக் கழுவி, கறந்த பாலை நிரப்பி வைத்திருந்தாள். வெறும் பானையைத் திருப்பிக் கொடுக்கக்கூடாதல்லவா? அதை அடுப்பில் ஏற்றிவிட்டு, பால் பொங்குவதைப் பார்க்க நில்லாமல், தன் கொட்டிலுக்குத் தொழப் போனாள்.

பின்னேரம் வண்டிகள் திரும்பியபோது ஐந்தாம் கதவு திறந்திருந்தது. ஜுனைதா வழக்கம்போல ஒரு சலாம் சொல்லிவிட்டுக் கடந்து போனாள்.